எண்ணெய் அழுத்தம் இறங்கினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?



பால்வெட்டுக்குப் போகும் ஒரு தாயாரின் கேள்வியை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மகன் பட்டணத்தில் பழைய காடிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஓராண்டாக வேலை கற்று வருகிறான். எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய விளையாட்டுக் காடி ஒன்றுக்கு எண்ணெய் அழுத்தம் குறைந்து போய்விட்டதாம். இரண்டு மாதமாக எஞ்சினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டும் அளந்துகொண்டும் இருக்கிறார்களாம். இதுவும் ஒரு படிப்பா, பையனை வேறு வேலைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

படிப்புதான், அம்மா. எப்படிப்பட்ட படிப்பு என்பதைச் சொல்கிறேன்.

அந்தக் காடி இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நான்கு சிலிண்டர், 1798 சி.சி. எஞ்சின். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அம்பாசடர் காடியில் ஏறியிருப்பீர்கள். அதில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி உறவுதான்.

எண்ணெய் அழுத்தம் என்றால் என்ன? லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் திறந்தால் தண்ணீர் பீறிட்டு வருகிறது. விடியற்காலையில் பத்து வீட்டிலும் திறந்தால் நூல் போல ஒழுகுகிறது. மேட்டில் உள்ள தொட்டி அதேதான். போகும் வழிதான் பெருகிவிட்டது.

எஞ்சினிலும் அப்படியே. பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. கிராங்க் ஷாப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள சந்து வழியாக அது வெளியேறுகிறது. இரும்பும் இரும்பும் உரசாமல் ஷாப்ட் அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல வேண்டும். இந்த எஞ்சினின் முக்கிய பேரிங்கில் அந்தச் சந்து எவ்வளவு தெரியுமா? ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு முதல் 2.7 பங்கு வரை. தேய்ந்து சந்து இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் ஒழுகும் எண்ணெய் இரு மடங்கு ஆகாது. ஏறக்குறைய எட்டு மடங்காகும். பிறகு அழுத்தம் எங்கே நிற்கும்?

சூடேறிய எஞ்சின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 ராத்தல், வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது 10 முதல் 25 ராத்தல் இருக்க வேண்டும் என்பது செய்தவர்கள் தந்த கணக்கு. முள் அதற்குக் கீழே இறங்கியதும் எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவன் நல்ல போமன் அல்ல. காய்ச்சல் என்று வந்தவனை நாடி பார்க்காமல் அறுவைக்கு அனுப்புவது போன்றது அது. முறை இதுதான்.

முதலாவது, மீட்டரையே நம்பாதே. சரியானது என்று தெரிந்த வேறொரு மீட்டரை எஞ்சினில் நேராகப் பொருத்திப் பார். பழைய மீட்டர் பொய் சொல்லியிருந்தால் வேலை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, எண்ணெயைப் பார். அளவு குறைந்திருக்கிறதா? முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? கார்புரேட்டர் கோளாறால் பெட்ரோல் இறங்கிக் கலந்தால் எண்ணெய் நீர்த்துப் போகும். இன்றைய புதுக் காடிகளுக்கான மெல்லிய எண்ணெய் இந்தப் பழைய எஞ்சினுக்கு ஆகாது. 20டபிள்யூ-50 ரகம் பொருந்தும். எண்ணெயையும் பில்டரையும் மாற்றி மறுபடி அளந்து பார்.

மூன்றாவது, அழுத்தம் மிகாமல் காக்கும் வால்வு. எஞ்சினின் இடப்பக்கம், பின்புறத்தில், குமிழ் போன்ற நட்டுக்குள் இருக்கிறது. 70 ராத்தலுக்கு அது திறந்துகொள்ளும். அதன் ஸ்பிரிங் 3 அங்குல நீளம் இருக்க வேண்டும். நீளம் குறைந்திருந்தாலும், வால்வு உட்காருமிடத்தில் தூசி சிக்கியிருந்தாலும் எண்ணெய் கசிந்து போகும். சில வெள்ளிச் செலவில் தீரும் குறை இது.

இங்கே ஒரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைப் போட்டால் ஓட்டத்தில் முள் மேலே ஏறும். வாடிக்கையாளர் மகிழ்ந்து பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த வால்வு மூடியேதான் இருக்கிறது. அப்போது முள் இறங்குமானால் குற்றம் வேறிடத்தில். வாஷர் நோயைத் தீர்க்கவில்லை, மறைத்து வைத்தது.

நான்காவது, காதைக் கொடுத்துக் கேள். மேடேறும்போது அடியிலிருந்து கனத்த உறுமல் வந்தால் முக்கிய பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கூர்மையாகத் தட்டும் ஓசை வந்தால் கனெக்டிங் ராடின் பெரிய முனைப் பேரிங். குளிர்ந்திருக்கும்போது நல்ல அழுத்தம், சூடேறியதும் நின்ற ஓட்டத்தில் முள் படுத்துவிடுகிறது, மேலே சொன்ன மூன்றிலும் குறையில்லை என்றால்தான் எஞ்சினை இறக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இறக்கிய பிறகு வேண்டியது பொறுமை. எந்தப் பேரிங் மூடி எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. கிராங்க் ஷாப்டை மைக்ரோமீட்டரால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். வட்டம் முட்டையாகியிருந்தால் அப்போதுதான் தெரியும். தேய்ந்திருந்தால் ஆயிரத்தில் 10 அல்லது 20 பங்கு கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடுவார்கள். பம்பின் உட்சக்கரங்களையும் அளக்க வேண்டும். கேம் ஷாப்ட் பேரிங்குகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிராங்க் ஷாப்டைப் புதுப்பித்தும் அழுத்தம் ஏறாத வண்டிகளில் குற்றவாளி பல வேளை அதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை கழுவுவது. கடைந்த இரும்புத் தூள் எண்ணெய் வழிகளில் ஒளிந்திருக்கும். அடைப்பான்களைக் கழற்றி, நீண்ட தூரிகை விட்டுத் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால், புதுப் பேரிங் முதல் நாளிலேயே கீறிப் போகும். பையன் இரண்டு மாதமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறான் என்று அந்தத் தாயார் வருந்தினாரே, அந்தத் துடைப்புத்தான் எஞ்சினின் ஆயுள்.

பூட்டும்போதும் அளவுதான். முக்கிய பேரிங் நட்டுகளை 70 ராத்தல்-அடி விசைக்கு முறுக்க வேண்டும். முடித்ததும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டர் முள் எழும்பும் வரை எஞ்சினைச் சுழற்ற வேண்டும். எண்ணெய் எல்லா இடமும் சேர்ந்த பிறகே நெருப்பு.

பெற்றோர்களே, இந்த வேலையில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள். 0.001 என்பதும் 0.01 என்பதும் பத்து மடங்கு வேறுபாடு என்று நான்காம் ஐந்தாம் வகுப்பில் தசமம் படிக்கும்போது, இது எதற்கு உதவும் சார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே ஒரு புள்ளி இடம் மாறினால் ஒரு எஞ்சின் போய்விடும்.

மகன் பட்டறையில் இருந்தால், விடுமுறைக்கு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுக்கிறார்களா? அளந்ததை நோட்டில் எழுதி வைக்கிறானா? இரண்டுக்கும் ஆம் என்றால் மனம் தளராமல் விட்டு வையுங்கள். கை தொழிலில் ஊன்றிவிட்டது. ஆண்டுக்கணக்கில் தரை கூட்டுவதும் தேநீர் வாங்கி வருவதும்தான் வேலை என்றால், அப்போது வேறு பட்டறை தேடுங்கள்.

தொழில் கற்கும் தம்பிகளுக்கு ஒன்று. அளக்காமல் பிரிக்காதே, பிரித்ததைக் கழுவாமல் பூட்டாதே, குறை என்ன என்று தெரியும் முன் பணத்தைப் பற்றிப் பேசாதே. இந்த மூன்றையும் காத்தவனிடம் ஊரார் தாமாகவே வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள்.