கோட்டைக்குப் போகும் முன்

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் ஜப்பானின் ஓசாகா நகருக்குச் சென்றோம். அங்குள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் ஹாரி பாட்டர் கதையுலகத்தை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான். அப்பா இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து என் ஆசையை நிறைவேற்றினார்.

புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அம்மா நூலகத்திலிருந்து முதல் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார். “இதைப் படித்துவிட்டு வா, தம்பி. அப்போதுதான் அங்கே இருப்பதெல்லாம் உனக்குப் புரியும்,” என்றார். “படம் பார்த்திருக்கிறேனே அம்மா, அது போதாதா?” என்று கேட்டுவிட்டு நான் கைப்பேசியில் மூழ்கினேன். தவணை முடிந்ததும் அந்தப் புத்தகம் திறக்கப்படாமலேயே நூலகத்துக்குத் திரும்பியது. அது எவ்வளவு பெரிய தவறு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் திறக்கப்பட்ட அந்தப் பகுதி உண்மையிலேயே வியப்பூட்டுகிறது. மரங்களுக்கு நடுவே நடந்து சென்றால் ஹாக்ஸ்மீட் கிராமம் வருகிறது. எந்தப் பருவத்திலும் உருகாத செயற்கைப் பனி அங்குள்ள கூரைகளை மூடியிருக்கிறது. கிராமத்தைத் தாண்டினால், உயர்ந்த பாறைமீது ஹாக்வார்ட்ஸ் கோட்டை. அதன் நிழல் எதிரே உள்ள ஏரியில் அசைகிறது. கடையில் வாங்கிய மந்திரக்கோலைக் குறிப்பிட்ட இடங்களில் நின்று சரியாகச் சுழற்றினால் மாயம் நிகழ்கிறது. ‘பட்டர்பியர்’ என்ற பானத்தின் பெயரைக் கேட்டு அப்பா முதலில் திடுக்கிட்டார். அது மது கலவாத இனிப்புப் பானம் என்று அம்மா சொன்ன பிறகுதான் வாங்கிக் கொடுத்தார்.

கோட்டைக்குள் இருக்கும் சவாரிக்காக நானும் அப்பாவும் வரிசையில் நின்றோம். வழியெங்கும் சுவரிலிருந்த ஓவியங்கள் பேசின. தலைமை ஆசிரியரின் அறை வந்தது, வகுப்பறை வந்தது, பழைய தொப்பி ஒன்றும் ஏதோ பேசியது. எல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்ததால் நான் எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வரிசை எப்போது நகரும் என்பதே என் கவலை.

அந்தச் சவாரிக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். என் தம்பி அந்த உயரத்தை இன்னும் எட்டவில்லை. அதனால், அம்மா அவனுடன் ஏரிக்கரையில் அமர்ந்திருந்தார். அவன் அழுதுகொண்டிருப்பான் என்று நினைத்துத்தான் வெளியே வந்தேன். அவனோ என்னைப் பார்த்ததும், “அண்ணே, புதிய மாணவர்கள் இந்த ஏரியில்தான் படகில் வருவார்களாம்! அப்போதுதான் கோட்டையை முதன்முதலில் பார்ப்பார்களாம்! அந்தப் படகெல்லாம் எங்கே?” என்று உற்சாகமாகக் கேட்டான். பள்ளியில் படித்த காலத்தில் தாம் வாசித்த கதையை அம்மா அவனுக்குச் சொல்லியிருக்கிறார். சவாரி செய்த எனக்குப் பதில் தெரியவில்லை.

பள்ளி திறந்ததும் நான் எடுத்த படங்களைத் தோழி ஒருத்தியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் வெளிநாடு சென்றதே இல்லை. ஆனால், நூலகத்தில் இரவல் வாங்கி ஏழு புத்தகங்களையும் படித்து முடித்தவள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, “இது ஆந்தைகள் கடிதம் கொண்டுவரும் அஞ்சலகம், இது மாணவர்கள் மிட்டாய் வாங்கும் கடை,” என்று அவளே எனக்கு விளக்கினாள். “அந்தத் தொப்பி என்ன சொல்லிற்று?” என்று ஆவலோடு கேட்டாள். ஒவ்வொரு மாணவனும் நான்கு இல்லங்களுள் எதில் சேரவேண்டும் என்று முடிவு செய்வதே அந்தத் தொப்பிதானாம். நான் தலைகுனிந்தேன். போய் வந்தவன் நான். ஆனால், அந்த இடத்தை அறிந்தவள் அவள்.

ஆகவே, கதையை அடிப்படையாகக் கொண்ட பூங்காவுக்குச் செல்வோர், முதலில் அந்தக் கதையைப் படித்துவிட்டுச் செல்லவேண்டும் என்பது என் கருத்து. கதை தெரிந்தவருக்கு அங்குள்ள ஒரு பழைய தொப்பியும் பொருள் தரும். மொழி புரியாவிட்டாலும் காட்சி புரியும். கதை தெரியாதவருக்கோ கோட்டையும் வெறும் கட்டடம்தான்.

‘படித்துவிட்டுப் போனால் ஏமாற்றமே மிஞ்சும், நாம் கற்பனை செய்ததைப் போல எதுவும் இருக்காது’ என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. என் தோழியும் கோட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு, “நான் நினைத்த கோட்டை இதைவிடப் பெரியது,” என்றாள். ஆனால், அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவளிடம் சொந்தமாக ஒரு கோட்டை இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை.

‘இத்தகைய பூங்காக்களே வீண்செலவு’ என்போரும் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. குடும்பமாகச் சேர்ந்து நடந்த அந்த நாளை நாங்கள் மறக்கமாட்டோம். எனினும், எல்லாக் குடும்பங்களாலும் இவ்வளவு செலவு செய்ய இயலாது. போக முடியாதவர்கள், தாங்கள் எதையோ இழந்துவிட்டதாக வருந்தத் தேவையில்லை. ரௌலிங் எழுதிய முதல் புத்தகத்தைப் பல பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. 1997இல் அது வெளிவந்தபோது கெட்டி அட்டையுடன் அச்சிடப்பட்ட பிரதிகள் 500 மட்டுமே. அந்தப் பக்கங்களில் இருந்த கோட்டையைத்தான் பிற்காலத்தில் கல்லிலும் சிமெண்டிலும் எழுப்பினார்கள். பூங்காவுக்குள் நுழையப் பணம் வேண்டும். புத்தகத்துக்குள் நுழைய நூலக அட்டை போதும்.

இப்போது நான் இரண்டாம் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரவில் தம்பிக்கும் கதை சொல்கிறேன். ஓசாகாவுக்கு மீண்டும் எப்போது செல்வோம் என்று தெரியாது. ஆனால், அடுத்த முறை தம்பி படகைப் பற்றிக் கேட்டால், என்னிடம் பதில் இருக்கும்.