ஒரே புண்ணுக்கு நாலு பெயரா?

படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிக்கு முதுகில் புண். ஒரு ஆஸ்பத்திரி நர்சு அதை "பெட் சோர்" என்று எழுதுகிறார். அடுத்த ஆஸ்பத்திரியில் "பிரஷர் அல்சர்". இன்னொரு இடத்தில் "டெக்குபிடஸ்". வீட்டுக்கு வந்து கட்டுப் போடுகிறவர் நோட்டில் "டிரஸ்ஸிங் செய்தாச்சு". அவ்வளவுதான்!

புண் ஒன்று. எழுத்து நாலு விதம்!

"பேரில் என்னங்க இருக்குது?" என்று கேட்கலாம். உயிரே இருக்கிறது!

பக்கவாதத்தில் விழுந்த ஆம்பூர் தோல் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலூரில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிறார். 2021-ம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி நர்சு வருகிறார். போன மாதம் புண் எவ்வளவு ஆழம்? இப்போது ஆறுகிறதா, வளர்கிறதா? சீட்டைப் பார்த்தால் தெரியவில்லை. "அப்படியேதான் இருக்குதும்மா" என்கிறார் மனைவி. உள்ளே புண் எலும்பு வரை இறங்கி, ரத்தத்தில் விஷம் ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன்?

இந்தப் புண்ணுக்கு நாலு படி உண்டு. தோல் கிழியாமல் சிவந்திருந்தால் 1. தசை, எலும்பு தெரிந்தால் 4. இந்த ஒரு எண்ணை எல்லோரும் எழுதினாலே போதும், அடுத்தவருக்கு விளங்கிவிடும்.

ஷூவுக்கு உண்டு, நோயாளிக்கு இல்லையா?

தோல் வட்டாரத்துக்கு இது புரியாத சங்கதி அல்ல. ஆம்பூரில் தைக்கும் ஷூ ஜெர்மனிக்குப் போகிறது. அங்கே 41 என்றால் எந்த அளவு என்று இங்கே வெட்டுகிறவருக்குத் தெரியும். "பெரிசு", "நடுத்தரம்" என்று எழுதிக் கப்பல் ஏற்றினால் சரக்கு திரும்பி வந்துவிடும்!

நோயாளி விஷயத்தில் வழி இல்லாமல் இல்லை. "ஸ்நோமெட் சி.டி." என்ற உலகப் பொதுச் சொல் தொகுப்பில் இந்தியா 2014-ல் சேர்ந்தது. அதில் படுக்கைப் புண்ணுக்கு ஒரே எண்: 399912005. எந்தப் பெயரில் எழுதினாலும் கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்கே வந்து சேரும். சர்வதேச நர்சுகள் கவுன்சில் தயாரித்த நர்சிங் சொற்களும் இப்போது அதில் சேர்ந்திருக்கின்றன.

யோசனையும் புதிது அல்ல. எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே மாதிரி கணக்கு எழுத வேண்டும் என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-லேயே கேட்டார்.

2021 முதல் மத்திய அரசின் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க சுகாதார எண் தருகிறார்கள். நல்லதுதான். அந்த எண் பைலைத் தேடிக் கொடுக்கும். பைலுக்குள் இருப்பது விளங்க வேண்டாமா?

பழி நர்சு மீதா?

இதற்காக நர்சுகள் மீது பாய்வது நியாயம் இல்லை. ராத்திரி டியூட்டியில் வார்டு முழுவதையும் பார்க்கும் பெண், நோட்டில் ஒரு தரம், கம்ப்யூட்டரில் ஒரு தரம் என்று இரண்டு வேலை செய்ய முடியுமா? ஒரே தரம் எழுதினால் போதும் என்ற ஏற்பாடு வேண்டும். முதலில் புண், வலி, மூச்சு, கீழே விழும் ஆபத்து என்று பத்துச் சங்கதிகளுக்கு ஒரே சொல் வரட்டும்.

பட்டியலைத் தயாரிக்கும்போது வார்டில் நிற்கும் நர்சுகளையும் கேட்க வேண்டும். "தலை கிறுகிறுங்குது", "நெஞ்சு படபடங்குது" என்று நோயாளி சொல்வதும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடியில் உருதுச் சொல்லும் தேவை.

1946-லேயே நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கிய ஊர் வேலூர். முதல் பட்டியல் இங்கிருந்து வந்தால் பெருமைதான். சுகாதாரத் துறையும் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச வேண்டும்.

ஆவன செய்வார்களா?