உங்க ரத்தத்தில் இருக்கும் ரகசியத்துக்குப் பூட்டு எங்கே?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிங்க.

2025 ஜனவரி 9. 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடுவதாக ஒன்றிய அரசு டெல்லியில் அறிவித்தது. 83 சமூகக் குழுக்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்களின் முழு மரபணு வரிசை. எல்லாம் ஹரியானாவின் ஃபரிதாபாத்தில், இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சியே வேண்டாம்னு நாம சொல்லல. கட்டாயம் வேணும். தென்னிந்தியச் சமூகம் ஒன்றில், ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் ஒரு தசை தளர்த்தும் மருந்தை உடைக்கிற என்சைம் பலருக்குப் பிறவியிலேயே குறைவு. மத்தவங்களுக்குச் சில நிமிஷத்தில் தெளியும் அந்த மருந்து, அவங்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசையை முடக்கிடும். டாக்டருக்கு இது முன்னாடியே தெரிஞ்சா ஓர் உயிர் தப்பும்.

அந்தச் சமூகத்தின் பெயரை ஏன் எழுதலன்னு யோசிங்க. டாக்டர் கையில் அது உயிர் காக்கும் தகவல். இன்ஷூரன்ஸ் கம்பெனி கையில் பிரீமியத்தை ஏத்த ஒரு காரணம். பல தலைமுறையா சாதிக்குள்ளேயே, சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடக்கிற நாடு இது. ஒருத்தர் மரபணு வெளியே போனா அவரோட நிக்காது. அண்ணன், அத்தை பொண்ணு, இன்னும் பிறக்காத பேரன் வரைக்கும் போகும். அவங்க யாரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடல.

"பெயரை நீக்கிட்டோமே, அப்புறம் என்ன பயம்?" என்பார்கள்.

2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வைப் பாருங்க. பெயர் நீக்கி இணையத்தில் வைத்திருந்த மரபணுக்களின் ஒய் குரோமோசோமை, வம்சாவளி தேடும் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைப் பிடிச்சாங்க. அதோட வயசு, மாநிலம் சேர்த்துத் தேடி, கிட்டத்தட்ட 50 பேரை அடையாளம் கண்டாங்க. எந்த சர்வரையும் ஹேக் பண்ணல. யார் வேணும்னாலும் பார்க்கக்கூடிய தகவல்தான்!

அடுத்தது அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனம். 2023-ல் வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்துச் சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தாங்க. உறவினரைத் தேடும் வசதி வழியா 69 லட்சம் பேரின் தகவல் போச்சு. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டப்போ, வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவும் ஏலத்துக்கு வரும் சொத்துப் பட்டியலில் இருந்தது. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். மரபணுவை எந்த செட்டிங்ஸ்ல போய் மாத்துவீங்க?

வழி இல்லாமல் இல்லை. நூலகத்தில் ரெஃபரன்ஸ் பிரிவு தெரியும்ல? அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. பாதுகாப்பான ஆராய்ச்சிக் கணினிச் சூழல் என்பதும் அதுதான். தரவு ஆய்வாளரைத் தேடிப் போகாது, ஆய்வாளர்தான் தரவு இருக்கும் இடத்துக்குள் லாகின் பண்ணணும். இங்கிலாந்து அரசின் 'ஜீனோமிக்ஸ் இங்கிலாந்து' இப்படித்தான் இயங்குகிறது. யார் வர்றாங்க, என்ன ஆய்வுன்னு பார்த்த பிறகே அனுமதி. தனி ஆளின் மரபணுவை டவுன்லோட் பண்ண முடியாது. ஆய்வின் முடிவு மட்டும், 'ஏர்லாக்' என்ற சோதனைச் சாவடியில் சரிபார்த்த பிறகு வெளியே போகும்.

இங்கே சட்டம் என்ன சொல்லுது? 2019-ல் கொண்டுவந்த தரவுப் பாதுகாப்பு மசோதாவில் மரபணுத் தரவு 'உணர்திறன் மிக்க தகவல்' பட்டியலில் இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியலே காணோம்! மளிகைக் கடையில் கொடுத்த போன் நம்பருக்கும் உங்க மரபணுவுக்கும் தனி வித்தியாசம் இல்லை. அதுக்கு மேல, ஆராய்ச்சின்னு சொன்னா, அரசு வகுக்கும் தரநிலைப்படி நடந்தால், விதிவிலக்கும் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டு நாள்கணக்கில் கையால் எழுதி ஓபி சீட்டு கொடுத்ததைப் பார்த்த பிறகும், "எங்களை நம்புங்க" என்றால் எப்படி நம்புவது?

நாம் கேட்பது நான்கே நான்கு:

1. மரபணுத் தரவுக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு.

2. தனிநபர் மரபணு, பூட்டிய கணினிச் சூழலை விட்டு வெளியே போகக் கூடாது. அரசு நிறுவனமானாலும் தனியார் கம்பெனியானாலும் ஒரே விதி.

3. யார், எதற்காக, எப்போது அணுகினார்கள் என்ற பட்டியல் பொதுவெளியில் வேண்டும்.

4. மரபணுவைக் காட்டி வேலையோ மருத்துவக் காப்பீடோ மறுக்கத் தடை. அமெரிக்கா 2008-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது.

ரத்தம் கொடுத்தவங்க நாட்டை நம்பிக் கொடுத்தாங்க. அந்த நம்பிக்கைக்குப் பூட்டு போடுங்க, சாவி யார்கிட்டன்னு மக்களுக்குச் சொல்லுங்க.

படிச்சதோட நிறுத்தாம பகிருங்க தோழர்களே. உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணி இந்த நாலு கேள்வியையும் கேளுங்க.

#நம்மரபணு_நம்உரிமை