தேடினா கிடைக்கும்

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பெண் கேட்டாள்: "அண்ணா, கிளையன்ட் ஓகே பண்ண கடைசி டிசைன் எது?" ஃபோல்டரைத் திறந்தால் ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் புதுசு, இதுதான் ஃபைனல். கடைசிக் கோப்புக்குப் பெயர் வைத்த மகான் நான்தான். மேனேஜர் எட்டிப் பார்த்து, "தேடும்மா, தேடினா கிடைக்கும்" என்றார்.

மூன்று நாள் தேடினாள். ஓகே ஆன கோப்பு, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் தனி சாட்டில் அனுப்பியது. செய்தி அப்படியே இருந்தது. லிங்க்கை அழுத்தினால் ஒன்றும் இல்லை.

இது யாருக்கும் நடக்கும். டீம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சேனலில் போடும் கோப்பு ஷேர்பாயிண்டில், குழுவின் சொத்தாக இருக்கும். அதையே சாட்டில் அனுப்பினால் அனுப்பியவரின் ஒன்டிரைவில் போய் உட்காரும். அவர் கணக்கை நீக்கினால், நிறுவனம் வேறு ஏற்பாடு செய்யாதவரை, 30 நாள்தான் கெடு. கூகுளிலும் 'மை டிரைவ்' ஓர் ஆளுடையது, 'ஷேர்டு டிரைவ்' குழுவுடையது. எங்கே வைக்கிறோம் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை, அது யாருடையது என்கிற கேள்வி.

தேடுபொறி இருக்கும்போது ஃபோல்டர் எதற்கு என்கிறார்கள். தேட முதலில் சொல் தெரிய வேண்டும். அந்த புராஜெக்டை நாங்கள் செல்லமாக 'மயில்' என்று கூப்பிட்டோம். கோப்புகளில் கிளையன்ட் பெயரே கிடையாது. நேற்று வந்தவளுக்கு மயில் எப்படித் தெரியும்? ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் 'தேடினா கிடைக்கும்'. "ஏஐ கண்டுபிடிச்சுக்கும்" என்பது இப்போதைய மந்திரம். எது ஓகே ஆனது என்று யாரும் எங்கும் எழுதி வைக்காதபோது அது எதைப் படித்துச் சொல்லும்? நாலில் ஒன்றை எடுத்து, நம் மேனேஜரைவிடத் தைரியமாக நீட்டும்.

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. நாங்கள் வைப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம். எனக்கு மிச்சமான பத்து விநாடிக்கு அவள் மூன்று நாள் கொடுத்தாள்.

பதினைந்து அடுக்கு ஃபோல்டர் கட்டி, அதற்கொரு கமிட்டி போடும் கோஷ்டியும் எனக்கு ஆகாது. முடிவு எது, எந்தத் தேதி, கோப்பு எங்கே என்று சேனலில் ஒரே ஒரு பக்கம் போதும். அதை எழுத ஆள் கிடைக்காது. நான் பார்த்தவரை அந்த வேலை ஜூனியர் தலையில்தான் விழும், பெரும்பாலும் பெண் தலையில். அஞ்சறைப்பெட்டியை நிரப்பி வைப்பது போல. கடுகு தீர்ந்தால்தான் அப்படி ஒருத்தி இருப்பதே நினைவுக்கு வரும். அப்ரைசலில் அதற்கு ஒரு வரி கிடையாது.

கடைசியில் அவள் 'இதுதான் ஃபைனல்' கோப்பை அனுப்பினாள். தப்பான டிசைன். மீட்டிங்கில் கிளையன்ட் கத்தினார், மேனேஜர் அவளைப் பார்த்தார், நான் என் லேப்டாப்பைப் பார்த்தேன். பெயர் வைத்தது நான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை.

அன்றிரவு அவள் எல்லோருக்கும் சாரி கேட்டு மெயில் போட்டாள். 'சாரி' என்று தேடினால் அது மட்டும் உடனே கிடைக்கிறது.