படிக்கும் கருவி இல்லாத காப்புப்படி

1990களின் தொடக்கத்தில் 120 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஃபிளாப்பிகளில் படியெடுக்க எண்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள் வேண்டியிருந்தன. அந்தச் சுமையைக் குறைத்தது கியூஐசி-80 வகை டேப் டிரைவ். ஃபிளாப்பி டிரைவுக்கான இணைப்பிலேயே அதைப் பொருத்தலாம். தனி அட்டை கட்டாயமில்லை. உள்ளங்கையளவு கார்ட்ரிட்ஜ் ஒன்றில் ஹார்ட் டிஸ்க் முழுவதும் அடங்கிவிடும்.

ஆனால் அந்த இணைப்பு மெதுவானது. நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் 120 மெகாபைட்டை எழுத அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். எழுதியதைச் சரிபார்க்க மறுபடியும் அதே நேரம். அவசரத்தில் இருப்பவர் முதலில் கைவிடுவது அந்தச் சரிபார்ப்பைத்தான். நாடாவில் எழுதி முடித்த நிம்மதியே காப்பு என்றாகிவிடுகிறது.

அத்தகைய கார்ட்ரிட்ஜ் ஒன்று இன்று ஒரு பல்கலைக்கழகத் துறையின் அலமாரியில் அகப்பட்டால், நாடாவின் காந்தப்பூச்சு நல்ல நிலையிலேயே இருக்கலாம். கெடுவது சுற்றியுள்ளவை. டிரைவின் ரப்பர் உருளை நாளடைவில் பிசுபிசுத்துப் போகிறது. கார்ட்ரிட்ஜுக்குள் நாடாவை இழுத்துப் பிடிக்கும் பட்டை தளர்கிறது அல்லது அறுந்துவிடுகிறது. புதிய கணினிகளில் ஃபிளாப்பி இணைப்பே இல்லை. தரவைச் சுருக்கி எழுதிய மென்பொருளும் கிடைக்காவிட்டால், நாடாவை ஓட்ட முடிந்தாலும் பொருள் விளங்காது.

இதற்கு நாடாவைக் குறைகூறுவது பிழை. 2011இல் ஜிமெயிலில் அழிந்துபோன அஞ்சல்களைக் கூகுள் மீட்டது நாடாக்களிலிருந்தே. பெருநிறுவனங்கள் இன்றும் எல்டிஓ நாடாக்களைப் பயன்படுத்துகின்றன. அங்கும் விதி ஒன்றே: எல்டிஓ-8 டிரைவ் தனக்கு முந்தைய ஒரு தலைமுறை நாடாவை மட்டுமே படிக்கும். காலத்தே புதிய நாடாவுக்கு மாற்றாதவர் வைத்திருப்பது வெறும் பிளாஸ்டிக் பெட்டியே.

இந்திய ஆய்வுலகம் இதை இன்னும் உரிய அளவில் கருதவில்லை. ஆய்வேடுகளைத் திரட்டிக் காக்கச் சோத்கங்கா களஞ்சியம் உள்ளது. அவற்றுக்கு அடிப்படையான கள அளவீடுகளும் கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் தனிமனிதர் பொறுப்பிலேயே எஞ்சுகின்றன. இருப்புப் பதிவேட்டில் கணினிக்கு ஒரு வரி உண்டு; அதனுள் இருக்கும் தரவுக்கு இல்லை. கணினியைக் கழிக்கும் நாளில் டிரைவும் உடன் போகிறது. கார்ட்ரிட்ஜ் மட்டும் அலமாரியில் தங்குகிறது. பின்னாளில் ஒரு முடிவை யாரேனும் ஐயுற்றால், அதைச் சரிபார்க்க வழியே இராது.

தீர்வு அரிதன்று. தரவு புதிய சாதனத்துக்கு மாற்றப்பட்டு அங்கே திறந்து பார்க்கப்பட்டது என்று துறைத்தலைவர் சான்றளித்த பிறகே கணினியைக் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை காப்புப்படியிலிருந்து சில கோப்புகளையேனும் மீட்டுப் பார்க்க வேண்டும். ஏட்டைச் செல் அரிக்குமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய நாடு இது. அந்த ஒழுங்கு காந்த நாடாவுக்கும் பொருந்தும். மீட்டுப் பார்க்காத காப்புப்படி ஒரு நம்பிக்கை மட்டுமே. ஆய்வுக்கு வேண்டியதோ சான்று.