முதியோரின் குளிரும் அரசாங்கத்தின் கணக்கும்

மார்கழிப் பனியில் தலையைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிக்கொண்டால் குளிர் தீர்ந்தது என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். பிரித்தானியாவின் குளிர் அத்தகையதன்று. ஹீற்றரை நிறுத்திவைத்த வீட்டில் இரவைக் கழிக்கும் எண்பது வயது முதியவருக்கு அது மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் நிமோனியாவாகவும் வரக்கூடியது. இதனை உணர்ந்தே 1997 இல் தொழிற்கட்சி அரசாங்கத்தின் நிதியமைச்சர் கோர்டன் பிறவுண் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை அறிமுகஞ் செய்தார். காலப்போக்கில் அது வீட்டுக்கு 200 பவுண் என்றும், 80 வயதை எட்டியவர் உள்ள வீட்டுக்கு 300 பவுண் என்றும் நிலைபெற்றது. பெரும்பாலானோருக்குக் கேளாமலே வங்கிக் கணக்கை வந்தடைந்தது என்பதே அதன் பெருஞ்சிறப்பு.

அதே தொழிற்கட்சிதான் அதன் கழுத்தில் கைவைத்தது. 2024 யூலை 29 ஆம் திகதி, 22 பில்லியன் பவுண் துண்டு விழுகின்றது என்று காரணங் கூறி, நிதியமைச்சர் றேச்சல் றீவ்ஸ் அம்மையார் இக்கொடுப்பனவை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'பென்சன் கிறெடிற்' போன்ற வறியோர் உதவிகளைப் பெறுவோருக்கு மட்டுமென மட்டுப்படுத்தினார். செப்ரெம்பர் 10 இல் அதனைத் தடுக்கக் கொண்டுவரப்பட்ட பிரேரணை 228 க்கு 348 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. ஒரே குளிர்காலத்தில் தொண்ணூறு இலட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் இவ்வுதவியை இழந்தனர்.

2017 இல் திரேசா மே அம்மையாரின் கட்சி இதையொத்த திட்டத்தைத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் முன்வைத்தபோது, அதனால் ஏறத்தாழ 4,000 முதியோர் உயிரிழக்கக்கூடும் என்று கூக்குரலிட்டது இதே தொழிற்கட்சிதான். எதிர்க்கட்சி ஆசனத்தில் உயிராகத் தெரிந்தது, ஆளுங்கட்சி ஆசனத்தில் வெறும் செலவுக் கணக்காகிவிட்டது போலும்!

"கோடீசுவரருக்கும் ஏன் கொடுக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோடீசுவரரைத் தவிர்க்க இழுத்த கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள். 2024-25 இல் தனித்து வாழும் ஒருவருக்குப் பென்சன் கிறெடிற்றின் பொதுவான வாராந்த வருமான எல்லை 218.15 பவுண். அரசாங்கமே வழங்கிய முழுமையான புதிய ஓய்வூதியமோ 221.20 பவுண். அதாவது, அந்த ஓய்வூதியத்தைத் தவிர வேறு வருமானமே இல்லாதவரும், வேறு சலுகைக்கு உரித்துடையவராக இல்லாவிடின், மூன்று பவுண் மிகையால் 'வசதி படைத்தவர்' ஆகிவிட்டார். இதுவா கோடீசுவரரைக் களையெடுக்கும் முறை?

கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்காவது உதவி போய்ச் சேர்ந்ததா? பென்சன் கிறெடிற்றுக்கு உரித்துடைய எட்டு இலட்சத்து எண்பதாயிரம் குடும்பங்கள் வரை அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது அரசாங்கத்தின் சொந்த மதிப்பீடு. விண்ணப்பப் படிவத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கேள்விகள். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவரே திகைத்துப்போகும் படிவத்தை, எண்பதுகளில் அகதியாக வந்து பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் இரவு பகலாக உழைத்து முதுமையடைந்த நம்மவர் எங்ஙனம் நிரப்புவர்? வந்த கடிதத்தை வாசிக்கப் பேரப்பிள்ளையின் வரவைப் பார்த்திருப்பவர் எத்தனை பேர்! அதற்கும் மேலாக, "பிச்சை கேட்பதா?" என்னும் மானவுணர்வு. இக்கூச்சம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. யுத்தத்தையும் பங்கீட்டு அட்டையையும் கண்ட ஆங்கிலேய முதியவருக்கும் அது உண்டு. கேட்டால்தான் கொடுப்போம் என்னும் உதவி, கேட்கக் கூசுவோரையே முதலில் கைவிடுகின்றது.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல்களில் பலத்த அடி விழுந்த பின்னரே அரசாங்கத்தின் மனம் இளகியது. யூன் 9 ஆம் திகதி, ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாத ஓய்வூதியர் அனைவருக்கும், ஏறத்தாழ தொண்ணூறு இலட்சம் பேருக்கு, கொடுப்பனவு மீளளிக்கப்படும் என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கூடிய வருமானம் உடையோரிடமிருந்து வரித் திணைக்களம் மீளப்பெறுவது என்பதே புதிய ஏற்பாடு. வசதி படைத்தவரைத் தவிர்க்க இவ்வளவு எளிய வழி இருந்ததென்றால், முதலாவது ஆண்டிலேயே அதனைச் செய்திருக்க முடியாதா? முதியோரின் குளிர் அசைக்காத மனத்தைத் தேர்தற் சூடு அசைத்தது. எனினும் இழந்த 2024-25 குளிர்காலத்துக்கு ஒரு பென்சு தானும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

பிரித்தானியாவில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அரசாங்கம் திருந்தும் என்று காத்திராதீர்கள். உங்கள் தாய் தந்தையரும், அயலில் தனித்து வாழும் முதியவரும் பென்சன் கிறெடிற்றுக்கு விண்ணப்பித்தார்களா என்று இவ்வாரமே கேளுங்கள். பக்கத்தில் அமர்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அது பிச்சையன்று; அவர்களுக்குச் சட்டம் அளித்த உரித்து.