விடுதி வாசலுக்கு ஒரே நேரம் வேண்டும்



கல்லூரி மாணவ, மாணவியர் ஒரே விடுதியில் தங்கலாமா என்ற பேச்சு வந்தாலே, 'பண்பாடு கெட்டுவிடும்' என்ற குரல்தான் முந்திக்கொள்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சபர்மதி, தப்தி விடுதிகளில் இருபாலருக்கும் தனித்தனிப் பகுதிகள், சாப்பாட்டுக்கூடம் பொது. அங்கும் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தனி விடுதி இருப்பதால்தான் பல வீடுகளில் பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்புகிறார்கள். ஆகவே அது தொடரட்டும். ஆனால், அங்குள்ள விதிகள் நியாயமாக இருக்க வேண்டும். என் மகளின் விடுதியில் மாலை 6.30 மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். கல்லூரி நூலகமோ 8 மணிவரை திறந்திருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் மாணவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. சிறிது தாமதித்தாலும் பதிவேட்டில் காரணம் எழுதி, பெற்றோரையும் போனில் பேச வைக்க வேண்டும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாகுபாடான விடுதி விதிகள் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. வளாகப் பாதையில் விளக்குப் போடுங்கள், இரவுக் காவலுக்கு ஆள் நியமியுங்கள், மாணவர் விடுதிக்கும் மாணவியர் விடுதிக்கும் ஒரே நேரம் வையுங்கள். கல்லூரி நிர்வாகங்கள் இவற்றை வரும் கல்வியாண்டிலேயே செய்ய வேண்டும்.

– ஒரு மாணவியின் தாய், திருநெல்வேலி